உருவப்பட ஒளிப்படக்கலையில் புல ஆழம்

புல ஆழம் என்பது, ஓர் ஒளிப்படத்தில் ஏற்கத்தக்க கூர்மையுடன் பதிவாகும் மிக அண்மைப் புள்ளிக்கும் மிகச் சேய்மைப் புள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவு ஆகும். ஒளிப்படக்காரர்கள் பேச்சு வழக்கில் இதனை டெப்த் ஆஃப் ஃபீல்டு என்றே குறிப்பிடுவர். மலை, கடல் போன்ற நிலத்தோற்றப் படங்களில் இந்தத் தொலைவு பல மீட்டர்களாகவோ முடிவிலி வரையிலோ இருக்கும். மனிதரின் முகத்தை அருகிலிருந்து எடுக்கும் உருவப்படத்திலோ அது சில செண்டிமீட்டர்களாகச் சுருங்கிவிடுகின்றது. கண் கூர்மையாகவும் காது மங்கலாகவும் பதிவாவது இதனாலேயே. எடுக்கப்படும் மனிதருக்குப் பின்னால் உள்ள இடம் படத்தில் அடையாளம் தெரியும்படி நிற்குமா, வெறும் வண்ணப் பூச்சாகக் கரைந்துவிடுமா என்பதும் இதனோடு நெருங்கிய தொடர்புடையது.

சில தமிழ் நூல்களில் இது குவிய ஆழம் எனவும் வழங்கப்படுகின்றது. எனினும் ஒளியியலில் குவிய ஆழம் என்பது வேறு. அது வில்லைக்குப் பின்புறம், படச்சுருள் அல்லது உணரி எவ்வளவு முன்பின் நகர்ந்தாலும் படம் கெடாது என்பதைக் குறிக்கும் அளவு. புல ஆழம் வில்லைக்கு முன்புறம், எடுக்கப்படும் பொருள் இருக்கும் பக்கத்தில் அளக்கப்படுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

கூர்மை என்பதன் பொருள்

வில்லை ஒன்று ஒரே ஒரு தளத்தை மட்டுமே துல்லியமாகக் குவிக்க முடியும். அத்தளத்தில் உள்ள புள்ளி, உணரியிலும் புள்ளியாகவே விழும். தளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகள் சிறு வட்டங்களாக விழும். இவ்வட்டத்தை இக்கட்டுரையில் மங்கல் வட்டம் என்று அழைப்போம். வட்டம் போதிய அளவு சிறியதாக இருக்கும்வரை மனிதக் கண் அதனைப் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும். ஆகவே புல ஆழத்தின் எல்லை என்பது வில்லையில் உள்ள கோடன்று, பார்ப்பவரின் கண்ணில் உள்ள எல்லை.

வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு பின்வருமாறு பெறப்படுகின்றது. ஒரு படத்தைச் சுமார் 25 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்க்கும்போது ஏறத்தாழ 0.2 மி.மீ. அளவுள்ள வட்டம் புள்ளியாகத் தோன்றும். 36 மி.மீ. அகலமுள்ள 35 மி.மீ. படச்சுருள் சட்டத்தை 25 செ.மீ. அகலத்துக்கு அச்சிட்டால் பெருக்கம் ஏழு மடங்கு. எனவே படச்சுருளில் அனுமதிக்கத்தக்க வட்டம் 0.2-ஐ 7 ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 0.03 மி.மீ. ஆகும். வில்லைகளின் மீது பொறிக்கப்பட்டுள்ள புல ஆழ அளவுகோல்களும் பெரும்பாலும் இத்தகைய கணக்கின்படி அமைந்தவையே.

இதிலிருந்து ஓர் எளிய விளைவு கிடைக்கின்றது. பார்க்கும் முறை மாறினால் புல ஆழமும் மாறும். 24 மெகாபிக்சல் கொண்ட முழுச்சட்ட உணரியில் ஒரு படவணுவின் அகலம் சுமார் 0.006 மி.மீ. மட்டுமே. ஆகவே 0.03 மி.மீ. வட்டம் ஐந்து படவணுக்கள் அகலம் கொண்டது. அச்சில் கூர்மையாகத் தெரிந்த இமை மயிர், கணினித் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது மங்கலாகத் தெரிவது இதனால்தான். மறுபுறம், பத்தடி உயர ஃபிளெக்ஸ் பதாகையில் ஒருவரின் முகம் நன்றாகவே தெரிகின்றது. அதனை யாரும் 25 செ.மீ. தொலைவில் நின்று பார்ப்பதில்லை.

தீர்மானிக்கும் காரணிகள்

உருவப்படத் தொலைவுகளுக்குப் பொருந்தும் எளிய சூத்திரம் இது:

புல ஆழம் ≈ 2 × எஃப் எண் × மங்கல் வட்டம் × (தொலைவு)² ÷ (குவியத் தொலைவு)²

எஃப் எண் என்பது வில்லையின் குவியத் தொலைவை அதன் ஒளித்துளையின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது. எண் சிறிதானால் துளை பெரிது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படிக்கும் உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறையும்.

85 மி.மீ. வில்லையால் 2 மீட்டர் தொலைவில் உள்ள ஒருவரை எடுப்பதாகக் கொள்வோம். தலையும் தோளும் சட்டத்தை நிரப்பும் தொலைவு இது. எஃப்/1.8 இல் புல ஆழம் 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. எஃப்/2.8 இல் 9 செ.மீ., எஃப்/4 இல் சுமார் 13 செ.மீ., எஃப்/8 இல் சுமார் 25 செ.மீ. ஆகும். தொலைவின் வர்க்கம் சூத்திரத்தில் இருப்பதால், அதே வில்லையுடன் 4 மீட்டருக்குப் பின்வாங்கினால் இவை அனைத்தும் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

இங்கே பரவலாக நிலவும் ஒரு தவறான கருத்தைக் குறிப்பிட வேண்டும். நீண்ட வில்லைகள் குறைந்த புல ஆழம் தருகின்றன என்று பல கையேடுகள் கூறுகின்றன. நின்ற இடத்திலேயே வில்லையை மட்டும் மாற்றினால் இது உண்மை. ஆனால் உருவப்படம் எடுப்பவர் முகத்தைச் சட்டத்தில் ஒரே அளவாக வைத்துக்கொள்ளவே முனைவார். 85 மி.மீ. வில்லைக்குப் பதிலாக 50 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 2 மீட்டரிலிருந்து 1.18 மீட்டருக்கு நெருங்கி வருவார். இப்போது எஃப்/1.8 இல் கணக்கிட்டால் புல ஆழம் மீண்டும் அதே 6 செ.மீ. அளவில்தான் வருகின்றது. முகத்தின் அளவு மாறாதவரை, ஒரே எஃப் எண்ணில் எல்லா வில்லைகளும் முகத்தில் ஏறத்தாழ ஒரே புல ஆழத்தையே தருகின்றன. மாறுவது பின்னணி மங்கலின் அளவு. அது தனிக் கணக்கு, கீழே தரப்பட்டுள்ளது.

கூர்மையான பகுதியில் மூன்றில் ஒரு பங்கு குவித்த தளத்துக்கு முன்னும், இரண்டு பங்கு பின்னும் அமையும் என்ற விதியும் உருவப்படத்துக்குப் பொருந்தாது. மேற்கண்ட 6 செ.மீ. எடுத்துக்காட்டில் முன்னால் 2.8 செ.மீ., பின்னால் 2.9 செ.மீ. வருகின்றது. சமம் என்றே கொள்ளலாம்.

முகத்தின் அளவுகள்

மேற்கண்ட எண்கள் முகத்தோடு ஒப்பிடும்போதுதான் பொருள்படும். வளர்ந்த ஒருவரின் மூக்கு நுனியிலிருந்து காது வரை முன்பின்னாக ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கும். இரு கண்மணிகளுக்கும் இடைத்தூரம் சுமார் 6.3 செ.மீ.

ஒருவர் படக்கருவியை நேராகப் பார்த்தால் இரு கண்களும் ஒரே தொலைவில் இருக்கும். எஃப்/1.8 இல் கண்களைக் குவித்தால் கண்கள் கூர்மையாகவும், மூக்கு நுனியும் காதும் சற்றே மங்கலாகவும் வரும். பலர் விரும்பும் தோற்றம் இதுவே. அவர் முகத்தை 45 பாகை திருப்பினால், அண்மைக் கண்ணுக்கும் சேய்மைக் கண்ணுக்கும் இடையே 4.5 செ.மீ. ஆழ வேறுபாடு உண்டாகின்றது. அண்மைக் கண்ணில் குவித்தால் பின்புறம் 2.9 செ.மீ. மட்டுமே கைவசம் உள்ளது. ஆகவே மறுகண் மங்கிவிடும். எஃப்/2.8 இல் பின்புற ஆழம் 4.5 செ.மீ. ஆகி, மறுகண் எல்லையில் வந்து நிற்கும். எஃப்/4 பாதுகாப்பானது. விலையுயர்ந்த வில்லையை வாங்கியவர் அதனை முழுதும் திறந்தே பயன்படுத்த வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஒரு கண் இல்லாத படங்கள் பெரும்பாலும் அந்நினைப்பின் விளைவே.

ஒரு கண் மட்டுமே கூர்மையாக அமைய முடியுமானால் அது படக்கருவிக்கு அண்மையில் உள்ள கண்ணாக இருக்க வேண்டும் என்பது மரபு. நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துக் குவித்துப் பின்னர் கருவியைத் திருப்பிச் சட்டத்தை அமைக்கும் பழக்கமும் கவனத்துக்குரியது. 2 மீட்டர் தொலைவில் கருவியை 10 பாகை திருப்பினால் குவியத் தளம் கண்ணுக்கு 3 செ.மீ. பின்னால் சென்றுவிடுகின்றது. எஃப்/1.8 இல் இருந்த முழு அனுமதியும் அதிலேயே செலவாகிவிட்டது. குவியப் புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துவது மேல். 2010களில் பரவிய கண்ணாடியற்ற படக்கருவிகள் கண்ணைத் தாமே கண்டறிந்து குவிப்பதால் இச்சிக்கல் அவற்றில் பெருமளவு தீர்ந்துள்ளது.

அடையாளப் படங்களில் கலைத் தெரிவுக்கு இடமில்லை. கடவுச்சீட்டு முதலியவற்றுக்கான முகப்படங்கள் பற்றிய பன்னாட்டுச் சீர்தரங்கள், மூக்கு முதல் காது வரையிலும், முகவாய் முதல் உச்சி வரையிலும் படம் கூர்மையாக இருக்க வேண்டும் என்கின்றன. 12 செ.மீ. ஆழத்தைத் தயக்கமின்றி அடக்க எஃப்/8 போதும். ஆனால் எஃப்/8 இல் உள்ளே வரும் ஒளி எஃப்/1.8 இல் வருவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்களில் குடை விளக்குகளும் ஃபிளாஷும் இடம்பெற்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரகடம், திருப்பெரும்புதூர் போன்ற தொழிற்பகுதிகளில் வேலைக்கு விண்ணப்பிப்போருக்கு இப்படமே அன்றாடத் தேவை.

குழுப்படங்களில் வரிசைகளின் ஆழத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். திருமண வீட்டில் மூன்று வரிசைகள் 60 செ.மீ. இடைவெளியில் நிற்பதாகவும், முன்வரிசை 5 மீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். 50 மி.மீ. வில்லையை எஃப்/2.8 இல் வைத்து முன்வரிசையைக் குவித்தால் 4.3 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். கடைசி வரிசையோ 6.2 மீட்டரில் நிற்கின்றது. எஃப்/8 இல் 3.4 மீட்டர் முதல் 9.5 மீட்டர் வரை கிடைப்பதால் கவலையில்லை. நடு வரிசையைக் குவித்தால் எஃப்/4 கூடப் போதும்.

துளையை மிகவும் சுருக்குவதும் நன்றன்று. எஃப்/16, எஃப்/22 போன்ற அளவுகளில் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் சற்றுக் கூர்மை இழக்கும்.

பின்னணி மங்கல்

பின்னணி எவ்வளவு மங்கும் என்பதைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. ஒளித்துளையின் உண்மையான விட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 85 மி.மீ. வில்லையில் எஃப்/1.8 எனில் 85 ÷ 1.8 = 47 மி.மீ. மிகத் தொலைவில் உள்ள ஓர் ஒளிப்புள்ளி, எடுக்கப்படும் மனிதரின் முகத்துக்கு அருகே 47 மி.மீ. அகல வட்டத்தை ஒட்டிவைத்தது போன்ற அளவில் படத்தில் தெரியும். 50 மி.மீ. வில்லையில் எஃப்/1.8 எனில் வட்டம் 28 மி.மீ. மட்டுமே. முகத்தில் புல ஆழம் சமமாக இருந்தும் 85 மி.மீ. வில்லையின் பின்னணி மென்மையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. பின்னணி முடிவிலியில் இல்லாமல் ஏதோ ஒரு தூரத்தில் இருந்தால், மனிதருக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தைப் படக்கருவிக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அதனால் இவ்விட்டத்தைப் பெருக்க வேண்டும்.

வண்டலூர் - வாலாசாபாத் சாலையில், ஒரகடத்துக்கு அருகே உள்ள சேரப்பணஞ்சேரியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சாலையோரம் ஒருவர் 2 மீட்டர் தொலைவில் நிற்கின்றார். அவருக்கு 30 மீட்டர் பின்னால் ஒரு பேருந்து. அதன் ஊர்ப்பலகையில் எழுத்துக்கள் 20 செ.மீ. உயரம் என்க. தொலைவின் காரணமாக அவ்வெழுத்துக்கள், மனிதர் நிற்கும் தளத்தில் வைத்து அளந்தால் 12.5 மி.மீ. உயரமாகத் தோன்றும். 85 மி.மீ. வில்லையில் எஃப்/1.8 எனில் மங்கல் வட்டம் 47 × 30 ÷ 32 = 44 மி.மீ. எழுத்தைவிட வட்டம் மூன்றரை மடங்கு பெரிது. பேருந்து என்று ஊகிக்கலாம். எந்த ஊர்ப் பேருந்து என்று சொல்ல இயலாது. அதே இடத்தில் 35 மி.மீ. வில்லையை எஃப்/11 இல் வைத்தால் வட்டம் 3 மி.மீ. ஆகச் சுருங்கும். ஊர்ப் பெயரை வாசித்துவிடலாம். முதல் படத்தில் உள்ளவர் எங்கு வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். இரண்டாவது படத்தில் உள்ளவர் சேரப்பணஞ்சேரியில் நிற்கின்றார்.

தொழிலாளி ஒருவரை அவர் பணியாற்றும் எந்திரத்தோடும் களத்தோடும் எடுக்கும் சூழல் உருவப்படங்களுக்கு இரண்டாவது முறையே பொருந்தும். அமெரிக்கரான ஆர்னால்டு நியூமன் இவ்வகையில் புகழ்பெற்றவர். பின்னணியை மங்கச் செய்வதே உருவப்படத்தின் இலக்கணம் என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. அது ஒரு தெரிவு மட்டுமே.

பெரிய துளை கொண்ட வில்லை இல்லாதவர்களும் பின்னணியை மங்கச் செய்ய முடியும். பலரிடம் உள்ள 18-55 மி.மீ. வில்லையின் 55 மி.மீ. முனையில் மிகப் பெரிய துளை எஃப்/5.6, அதாவது 9.8 மி.மீ. விட்டம். சுவரிலிருந்து 1 மீட்டர் முன்னால் நிற்பவரை 2 மீட்டரில் எடுத்தால் சுவரின் மங்கல் 3.3 மி.மீ. மட்டுமே, காரை வெடிப்புகள் எல்லாம் தெரியும். சுவரிலிருந்து 10 மீட்டர் முன்னால் அழைத்து வந்தால் 8.2 மி.மீ. ஆகிவிடும். செலவு, ஒன்பது மீட்டர் நடை.

மங்கலின் அளவைப் போலவே அதன் தன்மையும் பேசப்படுகின்றது. இதனைக் குறிக்கும் போக்கே என்ற சொல் சப்பானிய மொழியிலிருந்து வந்தது. 1997 இல் அமெரிக்க ஒளிப்பட இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரைகளுக்குப் பின்னர் ஆங்கிலத்தில் பரவியது. துளையை அமைக்கும் இதழ்களின் எண்ணிக்கை, வில்லையின் பிழைத் திருத்தம் ஆகியவற்றுக்கேற்ப மங்கல் வட்டங்களின் விளிம்பு மென்மையாகவோ கடுமையாகவோ அமையும்.

பயின்று அறிதல்

புல ஆழத்தைக் கண்ணால் அறிந்துகொள்ள மனிதர் தேவையில்லை. மேசையின் மீது தீப்பெட்டிகளை 2 செ.மீ. இடைவெளியில் சாய்வு வரிசையாக அடுக்கி, நடுப்பெட்டியைக் குவித்து, எஃப் எண்ணை மட்டும் மாற்றிப் படங்கள் எடுத்து ஒப்பிட்டால் போதும். பின்னர் எஃப் எண்ணை மாற்றாமல் தொலைவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். முக்காலி இருப்பது நல்லது. கையில் பிடித்து எடுக்கும்போது உடல் இயல்பாகவே ஓரிரு செண்டிமீட்டர் முன்பின் அசையும், எஃப்/1.8 இல் அந்த அசைவே முடிவை மாற்றிவிடும். எண்மிய ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவிகளின் கண்நோக்கியில் தெரிவதை நம்ப வேண்டாம். அவற்றின் குவியத் திரைகள் ஏறத்தாழ எஃப்/2.8 ஐ விடப் பெரிய துளைகளின் மங்கலைச் சரியாகக் காட்டுவதில்லை. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதே நம்பகமானது.

வரலாறு

உருவப்படமும் குறைந்த புல ஆழமும் தொடக்கத்திலேயே இணைந்துவிட்டன. 1839 இல் வெளியான டாகுவேரியோ வகைக் கருவியின் வில்லை ஏறத்தாழ எஃப்/15 அளவில் இயங்கியது. மனிதர் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டிய நேரம் பல நிமிடங்கள். 1840 இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசப் பெட்சுவல், எஃப்/3.6 அளவுள்ள உருவப்பட வில்லையைக் கணக்கிட்டு வடிவமைத்தார். ஃபோக்லாண்டர் நிறுவனம் அதனைத் தயாரித்தது. பதினைந்து மடங்குக்கும் மேலான ஒளி கிடைத்ததால் உருவப்படம் ஒரு தொழிலாக வளர முடிந்தது. நடுப்பகுதி மிகக் கூர்மையாகவும் ஓரங்கள் சுழல்வது போல மங்கலாகவும் அமைவது இவ்வில்லையின் இயல்பு. மங்கல் அன்று விரும்பிப் பெற்றதன்று. வேகத்துக்காகக் கொடுத்த விலை.

அம்மங்கலைத் தம் வழியாகவே ஆக்கிக்கொண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்த இவர், 1863 இல் தம் 48 ஆம் வயதில் இங்கிலாந்தில் ஒளிப்படம் எடுக்கத் தொடங்கினார். டென்னிசன், டார்வின், எர்ச்செல் முதலியோரை மிக அருகிலிருந்து, மென்குவியத்தில் எடுத்தார். அக்கால ஒளிப்படக் கழகத்தினர் சிலர் இதனைத் திறமைக் குறைவு என்றே எழுதினர். எது முறையான குவியம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உள்ளது என்று அவர் எர்ச்செலுக்கு எழுதிய கடிதத்தில் வினவினார்.

கேமரூன் பின்னாளில் பயன்படுத்திய டால்மேயர் வில்லை 30 அங்குலக் குவியத் தொலைவும் எஃப்/8 அளவும் கொண்டது. கண்ணாடித் தகடு 15 × 12 அங்குலம். எஃப்/8 என்றதும் நிறையப் புல ஆழம் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் துளையின் விட்டம் 95 மி.மீ. முகத்தைத் தகட்டில் பாதி அளவில் விழச் செய்து, பெருக்காமல் நேரடி அச்செடுத்தால், மங்கல் வட்டத்தை 0.2 மி.மீ. எனத் தாராளமாகக் கொண்டாலும் புல ஆழம் 2 செ.மீ. அளவே வருகின்றது. எஃப் எண்ணை மட்டும் வைத்துப் புல ஆழத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1875 இல் கேமரூன் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அக்குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறை முதலிய இடங்களில் ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் எடுத்தார். அக்காலத்துப் படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1879 இல் இலங்கையிலேயே இறந்தார். அவருடைய இங்கிலாந்துப் படங்களில் இருப்போரில் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குத் தெரியும். இலங்கைப் படங்களில் இருப்போர் உழவர் குழு, பெண் என்பன போன்ற பொதுத் தலைப்புகளின் கீழேயே அறியப்படுகின்றனர். அவர்களை அடையாளம் காணப் பின்னணியும் ஆடையும் முகமும் மட்டுமே துணை. இத்தகைய படங்களில் பின்னணி எவ்வளவு தெளிவாக உள்ளது என்பது ஆய்வாளருக்கு வெறும் அழகியல் வினா அன்று.

தமிழகத்து ஸ்டுடியோக்கள் வேறு வழியில் சென்றன. சென்னையில் 1850களிலேயே ஒளிப்படக் கழகம் தோன்றியிருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஊர்தோறும் பரவிய ஸ்டுடியோக்களில் மாளிகைத் தூண், மாடிப்படி, சோலை என்று தீட்டப்பட்ட திரையின் முன் குடும்பங்கள் நின்றன. திரை தெரிய வேண்டும்; கை வைத்திருக்கும் முக்காலியும் பூச்சாடியும் தெரிய வேண்டும். எடுத்துக்காட்டாக, 210 மி.மீ. வில்லையை எஃப்/16 இல் வைத்து, 2.7 மீட்டர் தொலைவில் நிற்பவரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் தகட்டில் எடுத்தால், ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்கும் திரையின் மங்கல் அச்சில் 0.4 மி.மீ. வரும். முழுக் கூர்மை இல்லை. தூண் தூணாகத் தெரியும். பழைய படங்கள் பலவற்றில் காணும் மென்மையான திரைத் தோற்றம் இவ்வகையானது. துளை சுருங்கியதால் நேரம் நீண்டது. அசையாதிருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கிகள் வைக்கப்பட்டன.

பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி எண்மப்படுத்தியுள்ளது.

20 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மென்குவியத்துக்கு எதிர்வினையாக, 1932 இல் ஆன்செல் ஆடம்சு, எட்வர்டு வெசுட்டன், இமொசென் கன்னிங்காம் முதலியோர் எஃப்/64 குழு என்ற பெயரில் ஒன்றுகூடினர். பெயரே கொள்கை. பெரிய தகட்டுக் கருவியில் முன்பின் அனைத்தும் கூர்மையாக அமைய வேண்டிய சிறு துளையின் எண் அது.

கைபேசியில் கணிக்கப்படும் புல ஆழம்

சேரப்பணஞ்சேரி அமைந்துள்ள திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில் வட்டாரம் கைபேசி உற்பத்திக்கும் பெயர்பெற்றது. 2006 இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 இல் மூடப்பட்டது. சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019 இல் ஐபோன் எக்ஸ்ஆர், 2020 இல் ஐபோன் 11, 2022 இல் ஐபோன் 14 ஆகியவற்றின் உற்பத்தி தொடங்கியது. இவை அனைத்திலும் உருவப்பட முறை உண்டு. பின்னணியை மங்கலாக்கிக் காட்டும் இம்முறையில் நிகழ்வது ஒளியியல் அன்று, கணக்கீடு.

ஐபோன் எக்ஸ்ஆரின் பின்புற வில்லையின் உண்மையான குவியத் தொலைவு 4.25 மி.மீ.; எஃப்/1.8. துளையின் விட்டம் 2.4 மி.மீ. மட்டுமே. உணரி மிகச் சிறியதாகையால் அனுமதிக்கத்தக்க மங்கல் வட்டத்தையும் சுமார் 0.005 மி.மீ. எனச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால், 2 மீட்டரில் குவிக்கும்போது 1 மீட்டர் முதல் முடிவிலி வரை எல்லாமே கூர்மை என்றாகின்றது. முன்கூறிய பேருந்தின் ஊர்ப்பலகையில் மங்கல் வட்டம் 2.2 மி.மீ.; எழுத்து 12.5 மி.மீ. தெளிவாக வாசிக்கலாம். 85 மி.மீ. வில்லையின் 44 மி.மீ. மங்கலைக் கண்ணாடியால் இங்கே பெற வழியே இல்லை. எனவே மென்பொருள் அதனை வரைகின்றது.

இதற்கு முதலில் படத்தின் ஒவ்வோர் இடமும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற ஆழ வரைபடம் தேவை. 2016 இல் வெளிவந்த ஐபோன் 7 பிளஸ், அருகருகே அமைந்த இரு படக்கருவிகள் காணும் காட்சிகளின் சிறு இடப்பெயர்ச்சியிலிருந்து அதனைக் கணித்தது. நம் இரு கண்கள் செய்வதும் இதுவே. 2017 இல் கூகுளின் பிக்சல் 2, ஒரே வில்லையின் இடப்பாதி வழியாகவும் வலப்பாதி வழியாகவும் வரும் ஒளியைத் தனித்தனியே உணர்ந்து, ஒரு மில்லிமீட்டர் அளவிலான இடைவெளியிலிருந்தே ஆழத்தை ஊகித்தது. மனித உருவை அடையாளம் காணும் நரம்பணு வலையமைப்பும் துணைக்கு இருந்தது. எக்ஸ்ஆரும் ஒற்றைக் கருவி கொண்டதே. அதன் உருவப்பட முறை மனிதர்களுக்கு மட்டுமே இயங்கும். ஆட்டையோ பூந்தொட்டியையோ அது ஏற்காது. இரண்டு பின்புறக் கருவிகள் கொண்ட ஐபோன் 11 இல் இக்கட்டுப்பாடு நீங்கியது.

எக்ஸ்ஆரில் படம் எடுத்த பின்னரும் எஃப்/1.4 முதல் எஃப்/16 வரை மங்கலை மாற்றிக்கொள்ள முடியும். திரையில் தோன்றும் இந்த எஃப் எண் எந்தத் துளையையும் குறிப்பதில்லை. துளை எப்போதும் அதே 2.4 மி.மீ. தான். பெரிய கருவி ஒன்றில் அவ்வெண்ணில் எப்படித் தோன்றியிருக்கும் என்ற போலிகை அது.

போலிகை தவறும் இடங்கள் பெரும்பாலும் விளிம்புகளே. பறக்கும் மயிர்க்கற்றை, மூக்குக்கண்ணாடியின் ஓரம், கொண்டையிலிருந்து தொங்கும் மல்லிகைச் சரம், சிமிக்கியின் இடைவெளிகள் ஆகியவற்றில் பின்னணி கூர்மையாக எஞ்சுவதும், பூவே பின்னணியோடு மங்கிவிடுவதும் காணப்படும். மெய்யான வில்லையில் மங்கல் தொலைவுக்கேற்பப் படிப்படியாகக் கூடும். போலிகையில் காதும் கண்ணும் ஒரே கூர்மையில் நின்று, தோளுக்கு அப்பால் திடீரென மங்கல் தொடங்கினால் ஆழ வரைபடம் போதாது என்று அறியலாம். 2.9 செ.மீ. பின்னால் மங்கத் தொடங்க வேண்டியதைக் காட்ட, அந்த அளவு நுட்பமான ஆழ வரைபடம் வேண்டும்.

ஒரு வகையில் போலிகைக்கே மேன்மை உண்டு. வில்லையால் மங்கிய ஊர்ப்பலகையை எந்த மென்பொருளாலும் மெய்யாக மீட்க முடியாது. அந்தச் செய்தி உணரியை அடையவே இல்லை. கைபேசியில் கூர்மையான மூலப்படமும் ஆழ வரைபடமும் கோப்பில் சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. ஐபோனில் தொகுக்கும் பகுதிக்குச் சென்று உருவப்பட விளைவை அணைத்தால் பின்னணி மீண்டும் தெரியும். வாட்ஸ்அப் போன்றவற்றில் சாதாரணப் படமாகப் பகிரும்போது செல்வது மங்கலாக்கப்பட்ட பதிப்பு மட்டுமே. எடுத்தவரின் கைபேசி தொலைந்தாலோ அழிந்தாலோ பிறரிடம் எஞ்சுவதும் அதுவே. குடும்பப் படங்களைச் சேமிப்போர் மூலக்கோப்பைத் தனியாகப் படியெடுத்து வைக்கலாம். அல்லது முக்கியமான நாட்களில் அதே படத்தை உருவப்பட முறையின்றி இன்னொரு முறையும் எடுத்துக்கொள்ளலாம்.